மேல சிலோன், கீழ சிலோன்

எங்க தாத்தாவோட வால்வு ரேடியோவில் சிலோன் ரெண்டு இடத்தில் எடுக்குமாம். கண்ணாடியில் 31 மீட்டர் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒன்று. அங்கிருந்து முள்ளை ஒரு விரல் அகலம் கீழே இறக்கினால், எந்த ஊர்ப் பெயரும் எழுதாத வெற்றிடத்தில் இன்னொன்று. அதே பாட்டு, அதே அறிவிப்பாளர், சத்தம் மட்டும் கம்மி. தாத்தா இதுக்கு மேல சிலோன், கீழ சிலோன் என்று பெயரே வைத்திருந்தார். சிலோன்காரன் ரெண்டு டவர் வச்சிருக்கான், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு என்பது அவர் முடிவு.

நான் எட்டாவது படிக்கும்போது இதைச் சொன்னார். ரேடியோ அப்போதே ஊமையாகி, மேலே ஒரு துண்டு போர்த்தி, அதுக்கு மேலே பஞ்சாங்கம் வைக்கும் மேஜையாக மாறியிருந்தது. நான் அப்போதுதான் அறிவியல் புத்தகத்தில் அதிர்வெண் பாடம் முடித்திருந்தேன். "அதெப்படி தாத்தா, ஒரு நிலையத்துக்கு ஒரு அலைவரிசைதான், ரெண்டு இடத்துல எப்படி வரும், உங்களுக்கு மறந்துபோயிருக்கும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டார். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது தவறிவிட்டார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தெரிய எனக்கு நாலு வருஷ பி.இ.யும், அதுக்கப்புறம் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பழைய ரேடியோவை ஒன்றரை வருஷம் நோண்டியதும் தேவைப்பட்டது. (டவர் விஷயம் மட்டும் தப்பு. அதை மன்னித்துவிடலாம்.)

ரெண்டு சிலோன் ஏன் வந்தது என்று பார்க்க முதல் உலகப்போர்க் காலத்து பாரிஸுக்குப் போகணும்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் அப்போது அங்கே ராணுவத்தின் சிக்னல் கோரில் அதிகாரி. அன்றைய வால்வுகளுக்கு ஒரு பெரிய குறை உண்டு. குறைந்த அதிர்வெண்ணை நன்றாகப் பெருக்கும், உயர்ந்த அதிர்வெண் வந்தால் கையை விரித்துவிடும். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டியிருந்தது. பாரிஸ் மேல் குண்டு போட வரும் விமானங்களின் எஞ்சின் பொறி கிளப்பும் அலைகளை ஒட்டுக்கேட்டே அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் யோசனை. வால்வால் பெருக்க முடியாத அலையை, பெருக்க முடிகிற அலையாக முதலில் மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. உள்ளே வரும் அலையோடு, செட்டுக்குள்ளேயே பிறக்கிற இன்னொரு அலையைக் கலந்தால் இரண்டின் வித்தியாசம் கிடைக்கும். அந்த வித்தியாசத்தை எப்போதும் ஒரே எண்ணாக வைத்துக்கொண்டு, அந்த ஒரே எண்ணுக்கு மட்டும் நல்ல பெருக்கிகளைக் கட்டினால் போதும். இதுதான் ஸூப்பர்ஹெட்ரோடைன். 1918 டிசம்பரில் காப்புரிமைக்கு மனுப் போட்டார், 1920-ல் கிடைத்தது.

ஆனால் அதே பாரிஸில் லூசியன் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் 1917-லேயே கிட்டத்தட்ட இதே யோசனைக்கு மனுப் போட்டிருந்தார். ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி தனியாக இதே இடத்துக்கு வந்திருந்தார். அமெரிக்காவில் வருஷக்கணக்கில் வழக்கு நடந்து கடைசியில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் உரிமைகள் லெவி தரப்புக்கும் வேறு சிலருக்கும் பிரிந்து போயின. பெயர் மட்டும் இன்றுவரை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு. பாவம் மனுஷன், பிறகு எஃப்.எம். கண்டுபிடித்து அதிலும் வழக்குகளிலேயே அழிந்து 1954-ல் தற்கொலை செய்துகொண்டார். நடுவில் ஒரே ஒரு நல்ல படம் இருக்கிறது. 1923-ல் தேனிலவுக்குப் போன இடத்தில் கடற்கரை மணலில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் மனைவிக்குப் பரிசாகச் செய்த பெட்டி ரேடியோ. புது மாப்பிள்ளை பெண்டாட்டிக்கு ஸூப்பர்ஹெட் செய்து கொடுப்பதெல்லாம் நம் இனத்தால்தான் முடியும் :-)

1930-களிலிருந்து உலகத்தில் விற்ற வீட்டு ரேடியோக்களில் பெரும்பாலானவை ஸூப்பர்ஹெட்தான். தாத்தாவோடதும்தான். இதில் அந்த 'ஒரே எண்' பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதுக்குப் பக்கம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு, கூட வாங்க. 9700-ல் ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். முள்ளை 9700-ல் வைத்தால் செட்டின் உள் அலை 455 அதிகமாக 10155-ல் ஓடும். வித்தியாசம் 455, பாட்டு வரும். முள்ளை 8790-க்கு இறக்கினால்? உள் அலை 9245. அதுக்கும் நம்ம 9700 நிலையத்துக்கும் வித்தியாசம் என்ன? மறுபடியும் 455! செட்டுக்குக் கழித்தல் மட்டும்தான் தெரியும், எது பெரியது எது சிறியது என்று தெரியாது. அதனால் அங்கேயும் பாட்டு வரும். 455-ஐ இரண்டால் பெருக்கினால் 910. எந்த நிலையமும் தன் இடத்திலிருந்து 910 கிலோஹெர்ட்ஸ் கீழே ஒரு ஆவியாக உலவும். பிம்ப அதிர்வெண் என்பார்கள். தாத்தாவின் கீழ சிலோன் இதுதான்.

அப்படியானால் மத்திய அலையில் திருச்சி நிலையம் ஏன் ரெண்டு இடத்தில் வரவில்லை? கலப்பதற்கு முன்னால் ஏரியல் பக்கம் ஒரு சுருளும் கன்டென்ஸரும் வாசலில் நின்று ஆளைப் பார்த்து உள்ளே விடுகின்றன. 1000 கிலோஹெர்ட்ஸில் முள் இருக்கும்போது பிம்பம் 1910-ல், ஏறக்குறைய இரட்டிப்புத் தூரத்தில். வாட்ச்மேன் தூக்கத்திலும் அடையாளம் கண்டு விரட்டிவிடுவார். 15000-ல் முள் இருக்கும்போது பிம்பம் 15910-ல், வெறும் ஆறு சதவீதம் தள்ளி. அங்கே வாட்ச்மேனுக்கு அண்ணன் யாரு தம்பி யாருன்னே தெரியாது. சிற்றலையில் மேலே போகப் போக இந்தத் தொல்லை கூடும்.

தீர்வு ரெண்டு. ஒன்று, வாட்ச்மேன்களை அதிகமாக்குவது. கலக்கும் வால்வுக்கு முன்னால் தனியாக ஒரு பெருக்கி, அதுக்கும் ஒரு சுருள், இன்னொரு பெருக்கி, இன்னொரு சுருள். 1935-ல் அமெரிக்காவில் நேஷனல் கம்பெனி கொண்டுவந்த ஹெச்.ஆர்.ஓ. செட்டில் இப்படி இரண்டு பெருக்கிகள் முன்னால் நின்றன. அலைவரிசை மாற்ற, முன்பக்கம் இழுப்பறை மாதிரி இருக்கும் சுருள் பெட்டியையே கழற்றி வேறொன்றைச் செருகணும். முகப்பில் ஊர் பெயர் கிடையாது, பூஜ்யத்திலிருந்து 500 வரை வெறும் எண்கள். அழகு பார்க்கிறவர்களுக்கான சாமான் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சங்கேதச் செய்திகளைக் காது கொடுத்து எழுதி பிளெட்ச்லி பார்க்குக்கு அனுப்பிய பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு நிலையங்களில் இந்தச் செட்டுகள்தான் வரிசை வரிசையாக இருந்தன. எனிக்மாவை உடைத்த கணித மேதைகளைப் பற்றி எத்தனையோ சினிமா வந்துவிட்டது. அவர்கள் கையில் கிடைத்த எழுத்துகளை, இரைச்சலுக்குள்ளிருந்து ராத்திரி பகலாகப் பொறுக்கிக் கொடுத்தவர்களைப் பற்றி ஒன்றையும் காணோம்.

இரண்டாவது தீர்வு மூளை. ட்ரெவர் வாட்லி என்ற தென்னாப்பிரிக்கர், அந்த 'ஒரே எண்'ணை 455-லிருந்து நேராக 40 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கினார். பிம்பம் 80 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய் விழுந்தது. சிற்றலை 30-லேயே முடிந்துவிடுவதால் பிரச்சினையே இல்லை. ஆனால் அவ்வளவு உயரத்தில் ஓடும் உள் அலை நிலையாக நிற்காது, சூடு ஏறினால் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு அவர் செய்ததுதான் அசல் குசும்பு. அந்தத் தள்ளாடும் அலையை ஒரு முறை கூட்டி இன்னொரு முறை கழிக்கிற மாதிரி சுற்றைக் கட்டினார். அது எவ்வளவு தள்ளாடினாலும் கடைசியில் கணக்கு நேராகிவிடும். நம்பகமாக இருக்க வேண்டியது ஒரே ஒரு 1 மெகாஹெர்ட்ஸ் படிகம் மட்டும். இதை வைத்து 1950-களில் இங்கிலாந்தின் ரேக்கல் கம்பெனி ஆர்.ஏ.17 என்ற ரிசீவரைச் செய்தது. அதன் அளவுகோல் அடிக்கணக்கில் நீளமான ஃபிலிம் சுருளில் ஓடும். முதல்முறை இந்தச் சுற்றின் படத்தைப் பார்த்தபோது, ஒரு நல்ல புரோகிராமில் இரண்டு வரியில் பெரிய தலைவலியைத் தீர்த்திருப்பதைப் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு வந்தது. இதே வாட்லிதான் நில அளவைக்காரர்களுக்கு ரேடியோ அலையால் தூரம் அளக்கும் டெல்லூரோமீட்டரையும் செய்தவர்.

இதெல்லாம் ராணுவத்துக்கும் அரசாங்கத்துக்கும். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளைக்கு யார் ஹெச்.ஆர்.ஓ. தருவார்கள்? அவருக்குக் கிடைத்தது ஐந்து வால்வு செட். ஒன்று அலைகளைக் கலக்க, ஒன்று 455-ஐப் பெருக்க, ஒன்று அதிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்க, ஒன்று ஸ்பீக்கரைத் தள்ள, ஒன்று ஏசி கரண்டை டிசி ஆக்க. முன்னால் நிற்கும் பெருக்கி கிடையாது. ஒரு வால்வு குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால்தான் கணக்குப்பிள்ளை வாங்குவார். ஆக கீழ சிலோன் என்பது செட்டின் கோளாறு இல்லை, அதன் விலை.

சரி, இந்த மாதிரி மலிவு செட்டை வைத்துக்கொண்டு நம் ஊரில் ஏன் எல்லோரும் சிற்றலை கேட்டார்கள்? இங்கே ஒரு சுவாரஸ்யமான ஆள் வருகிறார்.

1924 அக்டோபர் 18. லண்டன் மில் ஹில் பள்ளிக்கூடத்தில் படிக்கும் செசில் காய்டர் என்ற 18 வயதுப் பையன், தன் அமெச்சூர் செட்டிலிருந்து நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை ஒன்றில் இருந்த ஃப்ராங்க் பெல் என்பவரோடு பேசினான். பேசினான் என்றால் மோர்ஸ் தந்திக் கட்டுக்கடதான். பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த முதல் இருவழி ரேடியோத் தொடர்பு அதுதான். பூமி உருண்டையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்! நீள அலைதான் தூரம் போகும், சிற்றலை ஒன்றுக்கும் உதவாது என்று பெரியவர்கள் அமெச்சூர்களுக்கு ஒதுக்கித் தள்ளிய காலம் அது. அந்தக் குப்பைத் தொட்டியில்தான் புதையல் இருந்தது.

அந்தப் பையன்தான் 1936-ல் அகில இந்திய வானொலிக்குத் தலைமைப் பொறியாளராக வந்து சேர்ந்தார். இவ்வளவு பெரிய நாட்டுக்கு மத்திய அலை நிலையங்களைக் கட்ட அரசாங்கத்திடம் பணம் இல்லை. போதாக்குறைக்கு நம் வெப்ப மண்டலத்து இடி மின்னல், மத்திய அலையில் படபடவென்று பொரிந்துகொண்டே இருக்கும். காய்டரின் பதில், தன் பள்ளிக்கூட நாள் பதிலேதான்: சிற்றலை. 1938-க்குள் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலும் சிற்றலை ஒலிபரப்பிகள் வந்துவிட்டன. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியது, திருச்சி அடுத்த ஆண்டு மே 16-ல். காய்டர் 1946 வரை இங்கே இருந்தார்.

அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம், போருக்காக மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் இலங்கைக்கு வந்தது. சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் அனுப்ப ரேடியோ சியாக் என்று ஒரு நிலையம். அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நட்டார்கள். போர் முடிந்து சிப்பாய்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒலிபரப்பியைச் சுருட்டிக்கொண்டு போக முடியாதே. அது ரேடியோ சிலோனிடம் வந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமானது.

1952-ல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கி, சாஸ்திரிய சங்கீதம் நிறைந்தது. பக்கத்து வீட்டில் 100 கிலோவாட்டோடு ஒருவன் பாட்டுப் போடத் தயாராக உட்கார்ந்திருக்கும்போது செய்கிற காரியமா இது! ஹிந்திக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. தமிழுக்கு மயில்வாகனனார், பிற்பாடு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கி கேஸ்கரின் இலாகாவே இறங்கி வரவேண்டியதாயிற்று. அதே வருஷம் சூரியனும் ஒத்தாசை செய்தது. சூரியப் புள்ளிகள் பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை பெருகும், அப்போது வானத்தின் அயனி மண்டலம் சிற்றலையை இன்னும் நன்றாகத் திருப்பி அனுப்பும். 1957, 58-ல் வந்த உச்சம் இதுவரை பதிவானதிலேயே மிகப் பெரியது. எங்க தாத்தா கல்யாணம் ஆகி செட்டு வாங்கியது 1962-ல், அந்த அலை இறங்கும்போது. எப்பவும் கொஞ்சம் லேட்டுதான் எங்க குடும்பம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். இந்த ஐந்து வால்வு செட்டை வைத்துக்கொண்டு தாத்தா லண்டன் பிபிசி தமிழோசை கேட்டிருக்கிறார் (1941 மே மாதத்திலிருந்தே அங்கே தமிழ் ஒலிபரப்பு உண்டு), வெரித்தாஸ் கேட்டிருக்கிறார், மாஸ்கோ கேட்டிருக்கிறார். எப்படி?

சிற்றலையில் ஒரு விஷயம் உண்டு. சுமாராக 15 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், நல்ல ஏரியல் போட்டால் வானத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் இரைச்சல், செட்டுக்குள் வால்வு தானாகப் போடும் இரைச்சலை விட அதிகம். அதற்குமேல் செட்டை எவ்வளவு கூர்மையாக்கினாலும் புண்ணியம் இல்லை, இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். சோதனை ரொம்ப எளிது. நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து ஏரியலைப் பிடுங்குங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் உங்கள் செட்டு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம், மிச்சம் எல்லாம் வெளியே. ஐந்து வால்வும் ஆர்.ஏ.17-ம் இந்த ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே பந்தியில் உட்காருகின்றன.

அந்த 'வெளியே'தான் தாத்தாவின் கைவேலை. அப்போது செம்புக் கம்பியைப் பின்னி நாடா மாதிரி ஏரியல் விற்பார்கள், பல பேர் அதைக் கூடத்துக்குள்ளேயே மாட்டிவிடுவார்கள். தாத்தா மாட்டவில்லை. மொட்டைமாடியிலிருந்து கொல்லைப் பக்கத்து வேம்பு வரை கம்பி, இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ், கரண்டு கம்பிக்குக் குறுக்காக, இணையாக இல்லை. வேம்பு காற்றில் ஆடினால் கம்பி அறுந்துவிடாமல் இருக்க மரத்துப் பக்கம் ஒரு கயிறு, கயிற்று நுனியில் செங்கல். கிணற்றடியில் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டுச் செம்புத் தகடு புதைத்து எர்த். சித்திரை வைகாசியில் ஆச்சி அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். துளசிக்கு ஊற்றுகிற மாதிரி ரேடியோவுக்கும் ஊத்துவேன் என்று ஆச்சி சொல்லும்போது நான் சிரித்திருக்கிறேன். ஈரமான மண், நல்ல எர்த், குறைந்த இரைச்சல். ஆச்சி செய்தது பொறியியல்.

இன்னொரு நோட்டும் கிடைத்தது. தபாலாபீஸில் பணம் கட்டிய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தோடு (1980-கள் வரை ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்) ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த மாசம், எந்த நேரத்தில், எந்த மீட்டரில், எது தெளிவு. பகலில் 19, 25. சாயங்காலம் 31. ராத்திரி 41, 49. மார்கழியில் ஒன்று, ஆடியில் ஒன்று. அயனி மண்டலம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. அதன் நடத்தை முழுக்கத் தெரிந்திருந்தது.

2023-ல் அந்தச் செட்டை நான் பெங்களூருக்குத் தூக்கிவந்தேன். செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வால்வு செட்டுக்குள் 250 வோல்ட் டிசி ஓடும், அணைத்தபிறகும் கன்டென்ஸரில் தங்கியிருக்கும். சில மாடல்களில் சேஸிஸே நேரடியாகக் கரண்டோடு தொட்டிருக்கும், அதுக்கு நீங்கபாட்டுக்கு எர்த் கொடுத்தால் கதை முடிந்தது. எடுத்த எடுப்பில் பிளக்கைச் செருகவே கூடாது. வரிசையில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு மெதுவாக எழுப்பணும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கேயோ ஷார்ட்.

காகிதக் கன்டென்ஸர்கள் எல்லாம் அறுபது வருஷத்தில் கசிய ஆரம்பித்திருக்கும். முதலில் மாற்ற வேண்டியது கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகிற ஒன்றை, அது கசிந்தால் ஸ்பீக்கர் வால்வே எரிந்துபோகும். பில்டர் கன்டென்ஸரும் புதுசு. அலை மாற்றும் ஸ்விட்ச்சுக்குக் கிளீனர். வால்வுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன, ஈசிஎச் 81-லிருந்து ஈஎல் 84 வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சைக் கண் மெல்லத் திறந்தது. திறந்து, ஒன்றும் பாடவில்லை. மத்திய அலை ஓகே, சிற்றலையில் வெறும் காற்று.

யூடியூபைப் பார்த்து நானே டியூன் செய்தேன். 18 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து, உள் அலையின் ட்ரிம்மரைத் திருகி உச்சத்தில் நிறுத்தினேன். மேல் முனையில் வந்தது, கீழ் முனையில் செத்துக் கிடந்தது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் தாத்தாவுக்கு அந்தக் காலத்தில் செட்டுப் பார்த்துக் கொடுத்த அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டியவர். காது கேட்காது, பேரன் நடுவில் கத்தினான்.

"தம்பி, திருகும்போது உச்சம் ரெண்டு வாட்டி வந்துச்சா?"

வந்தது. ரெண்டு உச்சம். சத்தம் பெரிதாக இருந்த முதல் உச்சத்தில் நிறுத்திவிட்டேன்.

"அது கள்ள உச்சம்லா. திருகை இன்னும் வெளிய எடுங்க, ரெண்டாவது வரும். அதான் நெசம்."

18000-க்கு உள் அலை 18455-ல் ஓடணும். நான் நிறுத்தியது 17545-ல். வித்தியாசம் அங்கேயும் 455. நடுவில் 910. கீழ சிலோன்! எட்டாம் வகுப்பில் நான் இல்லை என்று சாதித்த அதே ஆவி, என் சொந்தக் கையாலேயே செட்டுக்குள் குடியேறியிருந்தது. அண்ணாச்சிக்கு ஆர்ம்ஸ்ட்ராங் தெரியாது, பிம்பம் தெரியாது, கள்ள உச்சம் தெரிந்திருக்கிறது. ட்ரிம்மரை வெளியே எடுத்தேன், செட்டு மேலிருந்து கீழ் வரை பேசியது.

பேசியது என்ன? பெங்களூர் அபார்ட்மெண்டில் ர்ர்ர்ர்ர் என்று ஒரே அலறல். ஏரியலைப் பிடுங்கினால் அமைதி. செட்டு சரி, உலகம் சரியில்லை. செல்போன் சார்ஜர், எல்ஈடி பல்பு, லிஃப்ட், செட்டாப் பாக்ஸ், ஒவ்வொரு வீட்டிலும் இருபது ஸ்விட்சிங் பவர் சப்ளை, ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பி. 1962-ல் தாத்தா வீட்டில் இருந்த மின்சார சாமான்கள் நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், இந்த ரேடியோ. அவர் கேட்டது வெறும் செட்டை மட்டும் இல்லை, அந்த நிசப்தத்தையும் சேர்த்துதான். கன்டென்ஸரை மாற்றலாம், நிசப்தத்தை எந்தக் கடையில் வாங்குவது?

போன பொங்கலுக்குச் செட்டைத் திரும்பக் கோவில்பட்டிக்கே கொண்டுபோனேன். வேம்பு இருக்கிறது. புதுக் கம்பி இழுத்தேன். கையில் பேட்டரி டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு வீடு முழுக்க மோப்பம் பிடித்து ஒவ்வொரு பிரேக்கராக இறக்கினேன். ஆச்சி அறை எல்ஈடி ஒன்று, தண்ணி மோட்டாரின் ஆட்டோமேட்டிக் பெட்டி ஒன்று, பெரிய குற்றவாளி வைஃபை அடாப்டர். முதல் நாள் ராத்திரி தெருவே கரண்ட் கட். இரைச்சல் மொத்தமும் போய் டிரான்சிஸ்டரில் உலகம் தெளிவாக வந்தது, வால்வு செட்டு மட்டும் இருட்டில் உட்கார்ந்திருந்தது, அதுக்கும் கரண்ட் இல்லையே. இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்திருக்கலாம். அது பெங்களூர் அபார்ட்மெண்டே பரவாயில்லை என்று ஆக்கியது.

மறுநாள் விடியக்காலம் நாலரை மணி. ரேடியோ லைன் ஒன்றைத் தவிர எல்லா பிரேக்கரும் கீழே. கிணற்றடி எர்த்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியாச்சு. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஓடு சிற்றலையை நிறுத்திவிட்டது, வெரித்தாஸ் 2018-ல். நோட்டில் தாத்தா எழுதியிருந்த நேரங்களில் முக்கால்வாசி இப்போது காலி. 31 மீட்டரில் சீன நிலையம் ஒன்று மட்டும் பச்சைக் கண் முழுக்க மூடும்படி கணீரென்று வந்தது. ஒரு பெண் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். முள்ளை மெதுவாக, ஒரு விரல் அகலம் கீழே இறக்கினேன்.

அதே பெண். அதே பாட்டு. சத்தம் மட்டும் கம்மி.

மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே. பின்னால் ஆச்சி எழுந்து வந்து நின்றது தெரியவில்லை.

"ஆச்சி, ரெண்டு எடத்துல வருது."

"அதான் அவுக அப்பவே சொன்னாகள்லா" என்று சொல்லிவிட்டு, காபி போட பிரேக்கரை ஏத்துவியா மாட்டியா என்று கேட்டார்.